கெட்: எப்போது கிடைக்கும், எப்போது ஆகும், எப்போது மாட்டும்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்த ஒரு தங்கை, கொச்சியில் ஒரு ஆஸ்பத்திரியின் ரிசப்ஷனில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். 'கெட்' என்ற வார்த்தை அவரைப் படுத்துகிறது. டிக்‌ஷனரியைத் திறந்தால் கிடைப்பது, ஆவது, போய்ச் சேர்வது, புரிவது என்று பக்கம் பக்கமாகப் போகிறதாம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் "கெட் எழுதாதே, நல்ல வார்த்தையாப் போடு" என்று சொல்லியிருக்கிறார். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் வாயைத் திறந்தால் கெட், இல்லாவிட்டால் அதன் இறந்தகாலமான காட்தான். எத்தனை அர்த்தம் இருக்கிறது, அதற்குப் பதிலாக எந்த வார்த்தையை எங்கே போடலாம் என்று கேட்கிறார்.

அர்த்தங்களை ஒன்று, இரண்டு என்று எண்ணி மனப்பாடம் செய்ய வேண்டாம் தங்கச்சி. இங்கிலீஷ் தாய்மொழிக்காரர்களும் அப்படிக் கற்றதில்லை. 'கெட்' தனியாக நின்று பெரிதாக எதுவும் சொல்வதில்லை. அதற்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். ஒரு பொருள் வந்தால் கிடைப்பது, வாங்குவது. ஒரு நிலை வந்தால் ஆவது. ஓர் இடம் வந்தால் போய்ச் சேர்வது. 'டூ' வந்து அப்புறம் ஒரு வினை வந்தால் வாய்ப்பது. 'டன்', 'கட்', 'ஹிட்' மாதிரி மூன்றாம் வடிவ வினை வந்தால் கொஞ்சம் வில்லங்கம், அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கிடைப்பது. எல்லைப்புறத்தில் வளர்ந்த நமக்கு வீட்டில் "எனக்கு வேலை கிடைச்சுது", ரோட்டில் "எனிக்கு ஜோலி கிட்டி". மொழி இரண்டு, அச்சு ஒன்று. கிடைத்தது வேலை, அது வந்து சேர்ந்தது எனக்கு. நாம் பணிவாக 'எனக்கு' என்று ஓரமாக நிற்கிறோம். இங்கிலீஷில் அப்படி ஓரமாக நிற்க வழியில்லை. 'ஐ காட் எ ஜாப்' என்று 'நான்' முன்னால் வந்துவிடுகிறது. அந்த 'நான்' துரும்பைக்கூட அசைக்காத இடத்திலும் இதே கதைதான்: ஐ காட் எ ஃபீவர், ஐ காட் எ ஷாக், ஐ காட் எ ஃபோன் கால். காய்ச்சலை யாரும் தேடிப் போய் வாங்கவில்லை, ஆனாலும் 'ஐ காட்'.

ஆக, உங்கள் மனசில் வாக்கியம் 'எனக்கு' என்று தொடங்கி 'வந்தது', 'கிடைத்தது', 'விழுந்தது' என்று முடிந்தால், 'ஐ காட்' போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சரியாக உட்காரும். எனக்கு லெட்டர் வந்தது, எனக்குத் திட்டு விழுந்தது, எனக்கு லீவு கிடைத்தது எல்லாமே 'ஐ காட்'தான். பசிக்கிறது, தெரியும், பிடிக்கும் மூன்றும் இந்தக் கணக்கில் வராது. அவற்றுக்கு ஐ ஆம் ஹங்ரி, ஐ நோ, ஐ லைக் என்று தனித்தனி வழி.

போகிற போக்கில் ஒரு எச்சரிக்கை, இது மலையாளத்துக்கு. தமிழ்ப் பாடப்புத்தக ஞாபகத்தில், கூட வேலை செய்யும் சேச்சியிடம் "சர்டிபிகேட் பெற்று" என்று மலையாளமாக்கிச் சொல்லிவிடாதீர்கள். அங்கே பேச்சில் 'பெற்று' என்றால் பிள்ளை பெற்றதுதான். 'கிட்டி' போதும். இங்கிலீஷிலும் இதே உறவு உண்டு என்பது எனக்குப் பிடித்த விஷயம். 'கெட்'டுக்கு முன்னால் 'பி' சேர்த்தால் 'பிகெட்'. பழைய இங்கிலீஷ் பைபிளில் ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றது அந்த வினையில்தான். தமிழ் பைபிளிலும் அங்கே 'பெற்றான்' என்றுதான் இருக்கிறது.

இனி டீச்சர் சொன்ன நல்ல வார்த்தைகள். கிடைப்பதற்கு ரிசீவ், ஆப்டெய்ன், அக்வயர், ப்ரொக்யூர் என்று வரிசையாகச் சொல்லித் தருவார்கள், எல்லாம் ஒன்றே என்பது போல. ஒன்றில்லை. ரிசீவ் என்றால் வேறொருவர் அனுப்பி உங்கள் கைக்கு வந்தது: கடிதம், பணம், புகார். ஆப்டெய்ன் என்றால் நீங்கள் முயற்சி எடுத்து, விண்ணப்பம் போட்டு, நடையாய் நடந்து வாங்கியது: பர்மிஷன், விசா, நேட்டிவிட்டி சர்டிபிகேட். அக்வயர் மெல்ல மெல்லச் சேர்வது, அல்லது சொத்தாகக் கைக்கு வருவது: ஒரு மொழியறிவு, ஒரு பழக்கம், ஒரு கம்பெனி. ப்ரொக்யூர் கிடைக்கச் சிரமமானதை ஏற்பாடு செய்து கொண்டுவருவது; ஆஸ்பத்திரி மருந்து கொள்முதல் செய்வது இந்த வகை. இவை தவிரச் சாதாரண மாற்றுச் சொற்களும் இருக்கின்றன, பலருக்கு அவை ஞாபகம் வருவதில்லை. காசு கொடுத்து வாங்கினால் 'பை', உழைத்துச் சம்பாதித்தால் 'எர்ன்', போட்டியில் என்றால் 'வின்', போய் எடுத்துவந்தால் 'ஃபெட்ச்' அல்லது 'ப்ரிங்'. "கெட் மீ தி ஃபைல்" என்று டாக்டர் சொன்னால் ஃபைலை எடுத்துக்கொண்டு வா என்று அர்த்தம்.

இந்த வார்த்தைகளுக்குள் ஏன் இந்த உயர்வு தாழ்வு? ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வந்து குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் பேச்சிலிருந்து இங்கிலீஷுக்கு வந்தது கெட். டேக் என்ற வினையும் அப்படித்தான், 'அவர்கள்' என்று சொல்லும் 'தே'கூட அங்கிருந்து வந்ததுதான். பக்கத்து வீட்டில் வசித்து, மாடு விற்று, பெண் கொடுத்து எடுத்த ஜனங்களின் வார்த்தைகள் அவை. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு அரசவை மொழியானது. ரிசீவ், ஆப்டெய்ன் வகையறா அந்த வழியாகவும், நேராக லத்தீனிலிருந்தும் வந்தவை. அதனால்தான் அவற்றில் இன்றுவரை ஆபீஸ் வாடை.

மலையாளம் தெரிந்தவர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரே வரி போதும். கெட் என்பது 'கிட்டி', ரிசீவ் என்பது 'லபிச்சு'. அரசாங்க ஆபீஸ் கடிதத்தில் 'லபிச்சு' என்று எழுதுவார்கள், சாயாக்கடையில் யாரும் "சாய லபிச்சோ" என்று கேட்பதில்லை. தமிழில் 'கிடைக்கப்பெற்றேன்' என்பதும் அப்படித்தான். ஆகவே டீச்சர் சொன்னது பாதி சரி. விண்ணப்பத்திலும் ஆபீஸ் மெயிலிலும் கெட்டைக் குறைத்து ரிசீவ், ஆப்டெய்ன் போடுங்கள். பேச்சில் கெட் சொல்லத் தயங்காதீர்கள். "டிட் யூ ஆப்டெய்ன் யுவர் டீ?" என்று கேட்டால் இலக்கணம் சரிதான், எதிரில் இருப்பவர் சிரிப்பை அடக்கச் சிரமப்படுவார்.

அடுத்து, ஆவது. கெட் டயர்ட், கெட் ஆங்ரி, கெட் வெட், கெட் ஓல்ட். இட் இஸ் கெட்டிங் லேட் என்றால் நேரமாகிறது. மாற்று வார்த்தை பிகம். பேச்சில் கெட், எழுத்தில் பிகம் என்று வைத்துக்கொள்ளலாம். க்ரோ மெதுவாக ஆவதற்கு, டர்ன் ஒரு நிலையிலிருந்து சட்டென்று மாறுவதற்கு, அதிலும் நிறம் மாறுவதற்கு அதிகம் வரும். முதலமடையில் மாங்காய் பழுத்து மஞ்சளானால் 'டர்ன்ட் எல்லோ', 'காட் எல்லோ' இல்லை.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. தமிழில் "கோபம் ஆனான்", "டாக்டர் ஆனான்" இரண்டுக்கும் ஒரே 'ஆனான்'. இங்கிலீஷில் நிலைக்கு மட்டும்தான் கெட் வரும். தொழிலுக்கும் பதவிக்கும் உறவுக்கும் பிகம் மட்டும்தான். "ஹி காட் எ டாக்டர்" என்றால் அவனுக்கு ஒரு டாக்டர் கிடைத்தார் என்று ஆகிவிடும். அவன் டாக்டராக வேண்டுமென்றால் 'ஹி பிகேம் எ டாக்டர்'. ஏன் என்று யோசித்தால் மேலே சொன்ன விதிதான்: கெட்டுக்குப் பின்னால் ஆளோ பொருளோ வந்தால் அது உடனே 'கிடைத்தது' பக்கம் சாய்ந்துவிடும்.

போய்ச் சேர்வது சுலபம். கெட் டூ பாலக்காடு, கெட் டூ தி ஸ்டேஷன். வீடு, இங்கே, அங்கே மூன்றுக்கும் நடுவில் 'டூ' வராது: கெட் ஹோம், கெட் ஹியர், கெட் தேர். மாற்று ரீச், அரைவ். ரீச்சுக்குப் பின்னால் நேராக இடம். 'ரீச்ட் டூ' என்று நம்மவர்கள் சொல்வது தவறு. அரைவ் பின்னால் 'அட்' அல்லது 'இன்' வரும். பஸ்ஸில் ஏறுவது கெட் ஆன், இறங்குவது கெட் ஆஃப். கார், ஆட்டோ மாதிரி சின்ன வண்டிக்குக் கெட் இன், கெட் அவுட். நாம் எல்லோரும் சொல்லும் 'கெட் டவுன்' இந்தியாவுக்குள் செல்லும். லண்டன்காரரிடம் "கெட் டவுன் அட் வாளையார்" என்றால் ஒரு நொடி யோசித்துவிட்டுப் புரிந்துகொள்வார். அவருக்கு அது ஏணியிலிருந்தோ மரத்திலிருந்தோ இறங்குவது. அவசரமாகக் கத்தினால் தலையைக் குனி என்பது.

இப்போது அந்த வில்லங்கம். என் அபிப்பிராயத்தில் நம் ஊர் இங்கிலீஷ் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

நாம் "முடி வெட்டினேன்", "வீடு கட்டினேன்", "பைக் ரிப்பேர் பண்ணினேன்" என்கிறோம். வெட்டியது சலூன்காரர், கட்டியது கொத்தனார், ரிப்பேர் பண்ணியது மெக்கானிக். தமிழில் இது பிழையில்லை, கேட்பவருக்குத் தெரியும். இதை அப்படியே 'ஐ கட் மை ஹேர்' என்று மாற்றினால், கண்ணாடி முன் நின்று கத்தரிக்கோலால் நீங்களே வெட்டிக்கொண்டதாகத்தான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வேறொருவரை வைத்துச் செய்துகொண்டதற்கு 'ஐ காட் மை ஹேர் கட்'. வரிசையைக் கவனியுங்கள்: காட், அப்புறம் பொருள், கடைசியில் மூன்றாம் வடிவ வினை. ஐ காட் தி பைக் ரிப்பேர்ட். பல் பிடுங்கிக்கொண்டேன் என்று சொல்ல, 'ஐ காட் மை டூத் புல்ட் அவுட்'. ஆஸ்பத்திரியில் உங்களுக்குத் தினமும் தேவைப்படுவது இந்த அச்சு. "ஸ்கேன் எடுத்தேன்" என்பதை 'ஐ டுக் ஸ்கேன்' என்று நாம் சொல்கிறோம். அதற்கு 'ஐ காட் எ ஸ்கேன் டன்' நல்லது. நோயாளியிடம் "யூ நீட் டூ கெட் யுவர் பிளட் டெஸ்டட்" என்றால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று சுத்தமாகப் போய்ச் சேரும். கெட்டுக்குப் பதிலாக 'ஹேவ்' போடலாம், அர்த்தம் மாறாது, கொஞ்சம் மரியாதை கூடும்: யூ வில் நீட் டூ ஹேவ் யுவர் பிளட் டெஸ்டட்.

செய்தவர் யார் என்றும் சொல்ல வேண்டும் என்றால் அச்சு மாறும். "அவரைக் கையெழுத்துப் போட வைத்தேன்." இந்தத் தமிழ் 'வைத்தேன்' எல்லாவற்றையும் விழுங்கிவிடும், கெஞ்சினோமா, மிரட்டினோமா, சும்மா சொன்னோமா என்று தெரியாது. இங்கிலீஷ் மூன்றாகப் பிரிக்கிறது. பேசி, சமாதானப்படுத்தி, நாலு தடவை போய்க் கேட்டுச் சம்மதிக்க வைத்தால் 'ஐ காட் ஹிம் டூ சைன்'. இதற்கு நெருங்கிய மாற்று பர்சுவேட். வேறு வழியில்லாமல் போட வைத்தால் 'ஐ மேட் ஹிம் சைன்', இங்கே மாற்று ஃபோர்ஸ். அது அவருடைய வேலை, சொன்னோம், போட்டார் என்றால் 'ஐ ஹேட் ஹிம் சைன்'. கெட்டோடு மட்டும் நடுவில் 'டூ' வரும், மற்ற இரண்டுக்கும் வராது. "டாக்டரைக் கையெழுத்துப் போட வைத்தேன்" என்று நினைத்து, மெயிலில் 'ஐ மேட் தி டாக்டர் சைன்' என்று எழுதினால் வாசிப்பவர் புருவத்தை உயர்த்துவார். டாக்டர் வாசித்தால் இன்னும் மோசம்.

மூன்றாம் வடிவம் கெட்டுக்கு நேர் பின்னாலேயே ஒட்டி வந்தால் வேறு சங்கதி: காட் காட் (முதலாவது கிடைத்த 'காட்', இரண்டாவது பிடிபட்ட 'காட்', உச்சரிப்பில் இரண்டாவது கொஞ்சம் நீளம்), காட் ஹிட், காட் ட்ரான்ஸ்ஃபர்ட், காட் ஃபயர்ட். இதற்குத் தமிழில் 'படு' இருக்கிறது, 'மாட்டு' இருக்கிறது. அடிபட்டான், அகப்பட்டான், மாட்டிக்கொண்டான். 'வாஸ்' போட்டும் இதையே சொல்லலாம். 'ஹி வாஸ் ட்ரான்ஸ்ஃபர்ட்' என்பது ஆர்டரில் இருக்கும் வாக்கியம். 'ஹி காட் ட்ரான்ஸ்ஃபர்ட்' என்பது அந்த ஆர்டரைப் பார்த்துவிட்டு சக ஊழியர் பேசும் வாக்கியம். அதில் ஒரு 'ஐயோ' ஒளிந்திருக்கிறது, சில சமயம் ஒரு 'அப்பாடா'. கல்யாணமும் இந்த அச்சில்தான் வரும்: காட் மேரீட். அப்புறம் ஆளைச் சொல்வதென்றால் 'டூ'தான் வரும், 'வித்' வராது.

புரிவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காட் இட் என்றால் புரிந்தது, பிடிபட்டது. நண்பர்களிடம் சரி. நோயாளியிடமோ மேலதிகாரியிடமோ 'ஐ டோன்ட் கெட் யூ' சொல்ல வேண்டாம், நீ என்ன சொல்கிறாய் என்றே விளங்கவில்லை என்று எரிச்சல் தொனிக்கும். காதில் சரியாக விழவில்லை என்றால் 'ஸாரி, ஐ டிட்ன்ட் கேட்ச் தட்'. விஷயம் புரியவில்லை என்றால் அண்டர்ஸ்டாண்டே நல்லது. வாசலில் மணி அடித்தாலோ ஃபோன் அடித்தாலோ 'ஐ'ல் கெட் இட்' என்பார்கள். நான் போய்ப் பார்க்கிறேன், நான் எடுக்கிறேன் என்பதுதான் அது. யாருக்கும் எதுவும் கிடைக்கப்போவதில்லை.

'ஹேவ் காட்' என்பது வேறு ஜாதி. ஐ'வ் காட் டூ பிரதர்ஸ் என்றால் எனக்கு இரண்டு அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். 'ஐ ஹேவ்' என்பதற்குச் சமம். 'ஹேவ் யூ காட் ஏன் அப்பாயின்ட்மென்ட்?' என்று நீங்கள் தினமும் கேட்கலாம். அமெரிக்கர்கள் கெட்டின் மூன்றாம் வடிவமாக 'காட்டன்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஐ'வ் காட் என்றால் என்னிடம் இருக்கிறது, ஐ'வ் காட்டன் என்றால் எனக்குக் கிடைத்திருக்கிறது, அல்லது ஆகிவிட்டிருக்கிறேன். பிரிட்டிஷ்காரர்கள் அந்தக் காட்டனைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். இரண்டும் சரிதான், ஒரே மெயிலில் கலக்காமல் இருந்தால் போதும்.

ரிசப்ஷனில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு. 'ஐ'வ் காட் டூ ஸீ தி டாக்டர்' என்றால் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும். 'ஐ காட் டூ ஸீ தி டாக்டர்' என்றால் டாக்டரைப் பார்க்க முடிந்தது, வாய்ப்புக் கிடைத்தது. நடுவில் இருக்கும் அந்த 'வ்' மட்டும்தான் வித்தியாசம், வேகமாகப் பேசுபவர்கள் அதையும் விழுங்கி 'காட்டா' ஆக்கிவிடுவார்கள். அப்போது கூட வரும் வார்த்தையைப் பிடியுங்கள். 'யெஸ்டர்டே' இருந்தால் பார்த்தாகிவிட்டது. 'நவ்', 'டுடே' இருந்தால் பெரும்பாலும் இனிமேல்தான், டோக்கன் போடுங்கள்.

மிச்சம் கெட்டோடு ஒட்டி வரும் குட்டி வார்த்தைகள். அவற்றில் நூறு இருக்கும், உங்கள் வேலைக்கு அவ்வளவும் வேண்டாம். கெட் ஓவர் என்றால் காய்ச்சலிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீள்வது, மாற்று ரிகவர். கெட் பெட்டர் உடம்பு தேறுவது, மாற்று இம்ப்ரூவ். கெட் த்ரூ என்றால் ஃபோனில் லைன் கிடைப்பது. கெட் அலாங் ஒத்துப்போவது. கெட் பை இருப்பதை வைத்துச் சமாளிப்பது. கெட் ரிட் ஆஃப் தொலைத்துக் கட்டுவது. மெயிலில் 'ரிமூவ்' போடுங்கள். கெட் யூஸ்டு டூ பழகிப்போவது, அதற்குப் பின்னால் வினை வந்தால் 'இங்' சேரும்: ஐ காட் யூஸ்டு டூ வொர்க்கிங் நைட்ஸ். 'வொர்க்' என்று மொட்டையாக விட்டால் தப்பு. உங்களுக்கு எல்லாவற்றையும் விட உபயோகமானது கெட் பேக் டூ. பதில் தெரியாத கேள்வி வந்தால் "ஐ'ல் செக் அண்ட் கெட் பேக் டூ யூ", விசாரித்துச் சொல்கிறேன். நம்மில் பலர் இதை 'ரிவர்ட்' என்று எழுதுகிறோம். வெளிநாட்டுக்காரருக்கு ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது, அதனால் அவரிடம் 'கெட் பேக்' அல்லது 'ரிப்ளை'. எழுத்தில் கெட் கூடாது என்ற டீச்சரின் விதியை இந்த ஒரு இடத்தில் தாராளமாக மீறலாம்.